ஸ்டியரிங் சிலிண்டர்: மூணு சீல் மாத்தியும் ஒழுகல் நிக்கல

நாகை லாஞ்ச்காரன் | மார்ச் 6, இரவு 10:20

எல்லாருக்கும் வணக்கம். அக்கரைப்பேட்டை துறைமுகத்துல 54 அடி இரும்பு லாஞ்ச் நம்மளது. இழுவை மடி, மூணு நாள் நாலு நாள் தங்கல். அப்பா காலத்துல சங்கிலியும் கம்பியும் போட்ட ஸ்டியரிங்தான். கம்பி அறுந்தா முடிச்சுப் போட்டுட்டு கரைக்கு வந்துருவாங்க. ஆறு வருஷம் முன்னாடி நான்தான் ஆசைப்பட்டு ஹைட்ராலிக்குக்கு மாத்தினேன். அஞ்சு வருஷம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கல. இந்த ஜனவரியிலேர்ந்து சனியன் பிடிச்சிருக்கு.

கேபின்ல வீலுக்குப் பின்னாடி கைப்பம்பு. அங்கேர்ந்து ரெண்டு லைன் பின்கிடங்குக்குப் போகுது, சுக்கான் தண்டு பக்கத்துல சிலிண்டர். ஒரு பக்கம் மட்டும் ராடு வர்ற வகை. உள்விட்டம் 50 மில்லி, ராடு 25 மில்லி, ஓட்டம் 9 அங்குலம். ராடு வெளியே வர்ற வாயிலதான் ஒழுகல்.

முதல்ல சாக்கு போட்டுத் துடைக்கிற அளவுதான். பிப்ரவரியில ஒரு தங்கலுக்கு அரை லிட்டர் ஊத்துற நிலைமை. மொத சீல், விலைக்கு வாங்கின செட்டு, பதினாறு நாள் நின்னுச்சு. ரெண்டாவது, இங்க ஒரு பட்டறையில "இந்த சைஸ் இல்ல, கிட்டத்தட்ட இது வரும்"னு ஒண்ணைத் திணிச்சு அனுப்பினாங்க. அது மறுநாளே போச்சு. மூணாவது சரியான சைஸ் சென்னையிலேர்ந்து வரவழைச்சுப் போட்டது, ஒம்பது நாள்.

போன வாரம் கோடியக்கரைக்குக் கிழக்க மடி இழுத்துட்டு இருக்கும்போது ராத்திரி ரெண்டு மணிக்கு வீல் சும்மா சுத்துது, சுக்கான் அசையல. வாடை நல்லா ஏறி அடிக்குது, நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எல்லைக்கோட்டுப் பக்கமா தள்ளுது. அந்தப் பக்கம் ஒதுங்கினா என்ன நடக்கும்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. கலாசி ரெண்டு பேர் பின்கிடங்குல இறங்கி சுக்கான் கையில, அதாவது சுக்கான் தண்டைத் திருப்புற இரும்புக் கையில, குழாயைச் சொருகிப் பிடிச்சுக்கிட்டானுங்க. நான் மேலேர்ந்து "இடம், வலம்"னு கத்திக் கத்தியே விடியற வரைக்கும் ஓட்டினேன். தொண்டை இன்னும் சரியாகல.

ஏப்ரல் 15 தடைக்காலம் தொடங்குது. 61 நாள் கரையேத்தி வெச்சு வேலை பார்க்கலாம்தான். ஆனா அதுவரைக்கும் இருக்கிற அஞ்சு வாரம் தொழிலை விட முடியாது. கேள்விகள்:

சீல் நல்லாத்தான் இருக்கு, பின்ன ஏன் சாகுது? இடப்பக்கம் முழுசா திருப்ப வீல் பதினொரு சுத்து ஆகுது, வலப்பக்கம் எட்டரைதான். இது சிலிண்டருக்குள்ள ஏதோ போச்சுன்னு அர்த்தமா? முழுசா திருப்பின பிறகும் அழுத்திப் பிடிச்சா வீல் மெதுவா நகருது. கைப்பம்பு மூடியிலயும் எண்ணெய் வழியுது. எண்ணெய் நிறம் பால் ஊத்தின டீ மாதிரி இருக்கு. மொத்தத்தையும் தூக்கிட்டுப் புதுசு போடச் சொல்றாங்க. அந்தக் காசுல ஒரு மடியே கட்டிடலாம்.


டீசல் மாமா | மார்ச் 6, இரவு 11:05

இதுக்கு ஏன் இவ்வளவு கவலை மாப்ள. அரை லிட்டர் பிரேக் ஆயில் கலந்து ஊத்து. சீல் ஊதிக்கும், ஒழுகல் தானா நின்னுரும். எங்க டிராக்டர்ல பண்ணியிருக்கோம்.


காசிமேடு ஸ்பேனர் | மார்ச் 7, காலை 6:15

மாமா கோச்சுக்காதீங்க, லாஞ்ச்காரர் அதைத் தொடவே கூடாது. சீல் ஊதும்ன்றது உண்மைதான். ஊதினது அப்படியே நிக்காது. ஒரு வாரத்துல கொழகொழன்னு ஆகி, சிலிண்டர் சீலோட கைப்பம்புல இருக்கிற ஓ ரிங்கும் சேர்ந்து போயிடும். பிரேக் ஆயில் வேற ஜாதி, மினரல் எண்ணெய்க்குன்னு செஞ்ச நைட்ரைல் ரப்பருக்கு அது விஷம். நடுக்கடல்ல வேற வழியே இல்லன்னா பவர் ஸ்டியரிங் ஆயில் ஊத்திக் கரை வரலாம். பிரேக் ஆயில் மட்டும் வேணாம்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன் அண்ணே. பதினொண்ணு, எட்டரைன்னு வர்றது நோய் இல்ல, உங்க சிலிண்டரோட பிறவிக்குணம். ஒரு பக்கம் மட்டும் ராடு இருந்தா, ராடு இருக்கிற பக்கம் எண்ணெய்க்கு இடம் கம்மி. 50 மில்லிக்குள்ள 25 மில்லி ராடு நின்னா பரப்புல கால்வாசி போயிடும். கணக்குப் போட்டுப் பாருங்க: ராடு வெளியே தள்ள சுமார் 450 மில்லி எண்ணெய் வேணும், உள்ளே இழுக்க 340 கிட்டத்தான். பதினொண்ணுக்கு எட்டரைன்னா கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். அஞ்சு வருஷமாவே அப்படித்தான் இருந்திருக்கும், இப்ப பயந்துபோய் எண்ணியிருக்கீங்க.

மூடியில வழியறதும் அதேதான். ராடு வெளியே இருக்கும்போது பம்புல எண்ணெய் இறங்கித் தெரியும். குறையுதுன்னு நினைச்சு விளிம்பு வரைக்கும் ஊத்துவீங்க. ராடு உள்ளே போனதும் 110 மில்லி திரும்பி வரும், போக இடம் இல்லாம மூடி வழியா ஊத்தும். ராடு முழுக்க உள்ளே இருக்கும்போது மட்டும்தான் அளவு பார்க்கணும். நீங்க ஊத்தின அரை லிட்டர்ல பாதி கேபின் தரையிலதான் போயிருக்கு.

வீல் நகர்றதுக்குக் காரணம் பிஸ்டன் சீலா இருக்கலாம், பம்புக்குள்ள எண்ணெயைத் திரும்ப விடாம தடுக்கிற செக் வால்வாவும் இருக்கலாம். பிரிச்சுப் பார்க்க ஒரு வழி: ராடை முழுசா வெளியே தள்ளிட்டு, ராடு பக்க ஹோஸைச் சிலிண்டர்லேர்ந்து கழட்டுங்க. ஹோஸ் நுனியை பிளக் போட்டு அடைச்சிடுங்க, சிலிண்டர் ஓட்டை திறந்தே இருக்கட்டும். இப்ப ஒருத்தர் வீலை அதே பக்கம் அழுத்தட்டும். திறந்த ஓட்டையில எண்ணெய் நிக்காம கசிஞ்சா பிஸ்டன் சீல். கசியல, ஆனாலும் வீல் நகருதுன்னா பம்பு. முகத்தை ஓட்டைக்கு நேரா வெக்காதீங்க. கசிவை விரலால தடவிப் பார்க்கிற பழக்கம் இருந்தா இன்னையோட விட்டுடுங்க. கைப்பம்பு ஸ்டியரிங்லயே 70 பார் வரைக்கும் ஏறும். மடி இழுக்கிற வின்ச்சோட லைன் இன்னும் மோசம், ஊசி மாதிரி தோலுக்குள்ள எண்ணெய் ஏறிடும், அப்புறம் விரலையே எடுக்கிற கதை.

டீ கலர்னா தண்ணி கலந்திருக்கு. ராடு உள்ளே போகும்போது அதுமேல படிஞ்ச உப்புத் தண்ணியையும் கூட்டிட்டுப் போகுது. அதைத் தடுக்க வாயில வைப்பர்னு ஒண்ணு இருக்கணும், மூணு தடவையும் அதை மாத்தினாங்களா?

எல்லாத்தையும்விட முக்கியமான கேள்வி. ராடைத் துடைச்சு நகத்தால நீளவாக்குலயும் குறுக்கவும் உரசிப் பாருங்க. கோடு இருக்கா? இருந்தா ராடைச் சுத்தி எல்லாப் பக்கமுமா, ஒரே பக்கமா? எந்தப் பக்கம்? இதுக்குப் பதில் வந்தாத்தான் நான் மேல பேசுவேன். நாலாவது சீல் வாங்கிடாதீங்க.


நாகை லாஞ்ச்காரன் | மார்ச் 7, இரவு 9:40

ஸ்பேனர் அண்ணே, பெரிய உபகாரம். இன்னைக்கு சாயங்காலம் பின்கிடங்குல டார்ச்சோட படுத்தேன். மூடிக் கதை நீங்க சொன்னது அச்சு அசல். ராடை உள்ளே இழுத்ததும் மூடியில குபுக்குனு வந்துச்சு. மனைவிகிட்ட சொன்னேன், "ஆறு வருஷமா எண்ணெய் ஊத்தத் தெரியாம ஊத்தியிருக்கீங்க"ன்னு சிரிக்குது.

ஹோஸைக் கழட்டிப் பார்த்ததுல நிமிஷத்துக்கு ஏழெட்டு சொட்டு. பிஸ்டன் சீலும் லேசா போயிருக்கு.

ராடு. நகம் நல்லாவே மாட்டுது. மூணு கோடு ஆழமா, பக்கத்துல பொடிப்பொடியா துருப்புள்ளி. ஆனா எல்லாமே மேல்பக்கம் மட்டும்தான். கடிகார முள் கணக்குல சொன்னா பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னுது, என் மூஞ்சி தெரியுது.

வைப்பர் ஒரு தடவைதான் மாத்தினாங்க. ரெண்டாவது பட்டறைக்காரர் அதைப் போடவே இல்லன்னு இப்பதான் தெரியுது. அந்த இடம் காலியா, உப்பு பூத்துக் கிடந்துச்சு. கிளாண்டை, அதான் ராடு வெளியே வர்ற வாய் மூடியை, திறக்க ஸ்பேனர் ஓட்டை நாலு இருக்கு. ஆனா உளி வெச்சு சுத்தியல்ல அடிச்ச தழும்புதான் சுத்தி.


காசிமேடு ஸ்பேனர் | மார்ச் 7, இரவு 10:10

மேல்பக்கம் மட்டும். அதான் எனக்கு வேணும்.

எண்ணெய் அழுக்கு, மண்ணு, துருன்னா சுத்தி எல்லாப் பக்கமும் கோடு விழும். ஒரே பக்கம் விழுந்தா ராடு நேரா போகல. யாரோ அதை மேலே தூக்கிப் பிடிக்கிறாங்க. சுக்கான் கை முன்ன இருந்த உசரத்துல இப்ப இல்ல. ஜனவரியில ஒழுகல் ஆரம்பம்னீங்க, அதுக்கு முன்னாடி சுக்கான்ல என்ன வேலை பார்த்தீங்க?


நாகை லாஞ்ச்காரன் | மார்ச் 7, இரவு 10:25

அண்ணே நீங்க ஜோசியம் பார்க்கிறீங்களா? டிசம்பர்ல புயல் எச்சரிக்கைன்னு கடலுக்குப் போகாம இருந்த நாள்ல கரையேத்தினோம். சுக்கான் தண்டு புஷ் தேஞ்சு ஆட்டம் இருந்துச்சு. புது புஷ் போட்டு, தண்டு இறங்காம இருக்க சுக்கான் கைக்குக் கீழே நைலான் வாஷர் ஒண்ணு தடிமனா போட்டாங்க. சிலிண்டரைத் தொடவே இல்ல.


காசிமேடு ஸ்பேனர் | மார்ச் 7, இரவு 10:31

தொடாததுதான் தப்பு. சுக்கான் கையை உசத்தினா சிலிண்டரைத் தாங்குற காலையும் உசத்தணும்.

நாளைக்குப் படகைக் கட்டிட்டு, சுக்கான் கையை ரெண்டு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிட்டு, ராடு நுனியைச் சுக்கான் கையோட சேர்க்கிற கவட்டையோட பின்னைக் கழட்டுங்க. கவட்டை இருந்த இடத்துலயே நிக்குதா, தொபுக்குனு கீழே இறங்குதான்னு பாருங்க. இறங்கினா எத்தனை மில்லின்னு ஸ்கேல் வெச்சு அளந்து போடுங்க.


லேத்துக்காரன் கோவை | மார்ச் 8, காலை 7:50

ஸ்பேனர் அண்ணன் சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்லீங்க, ராடு பத்தி மட்டும் சொல்லிப் போடறேன். பதினஞ்சு வருசமா சிலிண்டர் ராடு கடையறோம்.

நகம் மாட்டற கோடு இருக்கற ராடுல எந்த சீலும் நிக்காதுங்க. உதடு ஒவ்வொரு தடவையும் அந்தக் கோட்டு மேல ஏறி இறங்கும், அரத்துல தேய்ச்ச மாதிரி கரையும். சாதாரணமா இ.என். 8ங்கற எஃகுக் கம்பியில ஹார்ட் குரோம் ஏத்தித்தான் வரும், அதுவும் 20, 25 மைக்ரான் கனந்தானுங்க. ஊர்ல ஜேசிபிக்கு அது தாராளம். கடலுக்கு ஆகாது. குரோம்ல கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு எப்பவுமே இருக்கும், உப்புத் தண்ணி அது வழியா இறங்கி அடியில இரும்பைத் தின்னும். நீங்க பார்த்த துருப்புள்ளி அப்படி வந்ததுதான். மேல குரோம் நல்லா இருக்கற மாதிரியே இருக்கும், ஒரு நாள் பொட்டுப்பொட்டா உதிரும்.

எஸ்.எஸ். 316, அதாவது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி எடுத்துக் கிரைண்டிங் பண்ணி அது மேல ஹார்ட் குரோம் ஏத்தச் சொல்லுங்க. வெறும் 316 போட்டா துரு பிடிக்காது, ஆனா மெத்துங்க, சீக்கிரம் கீறல் விழும். மேற்பரப்போட சொரசொரப்பு 0.2லேர்ந்து 0.4 மைக்ரானுக்குள்ள இருக்கோணும். லேத்துல எமரி போட்டு "வழவழன்னு இருக்கு"ன்னு கையில குடுத்தா வாங்காதீங்க.

கிளாண்டுக்குள்ள இருக்கற புஷ்ஷையும் மாத்திப் போடுங்க. ராடு மேலயே சாஞ்சு ஓடியிருந்தா புஷ் ஓட்டை முட்டை மாதிரி ஆயிருக்கும். கன்மெட்டல் போடுங்க. ராடுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல 0.05லேர்ந்து 0.10 மில்லி வரைக்கும் விடலாம். நைலான் புஷ் வேண்டாமுங்க, தண்ணி குடிச்சு ஊதி ராடைப் பிடிச்சுக்கும்.

இன்னொண்ணு. சீல் சைஸ் சொல்லும்போது பழைய சீலை அளந்து சொல்லாதீங்க. அது எண்ணெயில ஊறி, நசுங்கி, வேற ஏதோ ஆயிருக்கும். இரும்புல சீல் உட்கார்ற பள்ளம் இருக்குதே, அந்தக் காடியை வெர்னியர்ல அளக்கோணும்: ராடு விட்டம், காடி விட்டம், காடி உசரம்.


நாலாம் இன்ஜினியர் | மார்ச் 8, மதியம் 2:05

சரக்குக் கப்பலில் வேலை. எங்கள் ஸ்டியரிங் கியர் அறை உங்கள் லாஞ்ச் அளவு இருக்கும். ஆனால் நோய் ஒன்றுதான். கவட்டையை அப்படியே விடாமல் ராட் எண்ட் பேரிங் போடுங்கள், அதாவது உள்ளே உருண்டை இருக்கும் வகை. இரண்டு மூன்று டிகிரி சாய்ந்தாலும் அது வாங்கிக்கொள்ளும். அதற்காக உயரத்தைச் சரி செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

இரவில் குழாய் சொருகி ஓட்டினீர்களே, அந்தக் குழாய்க்குப் பின்கிடங்கிலேயே ஒரு கொக்கி வைத்து நிரந்தரமாக மாட்டிவிடுங்கள்.


நாகை லாஞ்ச்காரன் | மார்ச் 8, இரவு 8:55

பின் அடிச்சதும் வரல. டீசல் ஊத்தி ஒரு மணி நேரம் விட்டு, மரக்கட்டை வெச்சுத் தட்டினேன். பின் வெளியே வந்த அடுத்த நொடி கவட்டை "டக்"னு கீழே இறங்கிடுச்சு. ஸ்கேல் வெச்சேன். 18 மில்லி.

அந்த நைலான் வாஷரைப் போய் அளந்தேன். அதுவும் 18 மில்லி.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துட்டேன். மூணு சீல், ஒரு ராத்திரி, ரெண்டு தங்கல் நஷ்டம், எல்லாம் ஒரு வாஷர் கனம். நாளைக்குச் சிலிண்டர் கோவைக்கு பார்சல். லேத்துக்காரர் சார் உங்களுக்குத் தனியா எழுதியிருக்கேன்.


காசிமேடு ஸ்பேனர் | மார்ச் 8, இரவு 9:20

இப்ப தூங்குங்க. சிலிண்டர் திரும்பி வந்ததும் கோக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுக்கோங்க.

காலுக்கு அடியில 18 மில்லி தகடு வெச்சுட்டு போல்ட்டை உடனே இறுக்காதீங்க. சுக்கான் முழு இடம், நடு, முழு வலம், மூணு இடத்துலயும் பின் கையால விட்டா தானா விழணும். ஒரு இடத்துல சுத்தியல் கேட்டாலும் தகடு சரியில்லன்னு அர்த்தம்.

சீலோட வாய், அதாவது பள்ளமா திறந்திருக்கிற பக்கம், எண்ணெயைப் பார்க்கணும். வைப்பர் உதடு வெளியே கடலைப் பார்க்கணும். தலைகீழா போட்டு அனுப்பினதை நானே எத்தனையோ பார்த்திருக்கேன். சீலைச் சுடுதண்ணியில ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்தா இளகும், அவரை விதை மாதிரி மடக்கி விரலாலயே காடிக்குள்ள விடுங்க. ஸ்க்ரூ டிரைவர் பக்கத்துலயே இருக்கக் கூடாது. ராடு நுனி மறை மேல பிளாஸ்டிக் டேப் சுத்திட்டு அப்புறம் கிளாண்டை ஏத்துங்க, இல்லன்னா மறையே சீலை அறுத்துடும். பழைய பிஸ்டனை வெளியே எடுக்க யாராவது கம்ப்ரஸர் காத்து அடிக்கலாம்னு சொன்னா ஓடிடுங்க. துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும்.

எண்ணெய் என்ன ஊத்துறீங்க?


நாகை லாஞ்ச்காரன் | மார்ச் 8, இரவு 9:26

வின்ச்சுக்கு வாங்குற 68 நம்பர்தான் அண்ணே. ஒரே கேன்.


காசிமேடு ஸ்பேனர் | மார்ச் 8, இரவு 9:30

அது வின்ச்சுக்கு. கையால சுத்துற பம்புக்கு 68 பாகு மாதிரி. பம்பு கம்பெனிக்காரங்க பெரும்பாலும் 15 நம்பர் சொல்லுவாங்க, நம்ம வெயிலுக்கு 22, 32 ஓடும். உங்க பம்பு பட்டையில என்ன போட்டிருக்கோ அதுதான் சட்டம். பழைய டீயை முழுசா வெளியே எடுத்துட்டு, லைனைக் கழுவி, புதுசு.


நாகை லாஞ்ச்காரன் | மார்ச் 19, இரவு 10:45

முடிஞ்சுது. நடந்ததை எழுதறேன்.

கோவையிலேர்ந்து சிலிண்டர் திரும்பி வந்துச்சு. பழைய ராடையும் புஷ்ஷையும் கூடவே அனுப்பியிருந்தாங்க. அந்த புஷ்ஷைப் பார்க்கணுமே. ஒரு பக்கம் நல்ல கனம், மேல்பக்கம் காகிதம் மாதிரி. உள்ளே விரல் விட்டா ஒரு பள்ளம், ராடு படுத்து எழுந்த தடம். 0.6 மில்லி தேய்மானம்னு எழுதியிருந்தாங்க. ராடு, புஷ், ரெண்டு செட் சீல், பார்சல் கூலி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். புதுசுக்குச் சொன்ன விலையில நாலுல ஒரு பங்குகூட இல்ல.

தகடு வைக்கிறதுலதான் அரை நாள் போச்சு. 18 மில்லி இரும்புத் தகடு வெச்சேன், நடுவுல பின் தானா விழுந்துச்சு, முழு வலத்துல மாட்டிக்கிச்சு. காலோட போல்ட் ஓட்டையில ஆட்டம் இருந்திருக்கு, சிலிண்டர் ரெண்டு மில்லி கோணலா உட்கார்ந்திருக்கு. நகர்த்தி வெச்சு, மூணு இடத்துலயும் பின் கையிலேர்ந்து நழுவி "டிங்"னு விழுற வரைக்கும் விடல. அந்தச் சத்தம் கேட்க என் பையனையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்கு ஒண்ணும் விளங்கல, போன்ல இருந்தான்.

காத்து எடுக்கிறதுக்கு அவன்தான் வீல்ல நின்னான். நான் கீழே. சிலிண்டர்ல காத்து விடுற நிப்பிள்ல கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் டியூப் மாட்டி, நுனியைப் பாதி எண்ணெய் ஊத்தின தண்ணி பாட்டில்ல முக்கிட்டேன். அவன் சுத்தச் சுத்த டியூப்ல குமிழ் வரிசையா ரயில் மாதிரி போகுது. ரயில் நின்னு எண்ணெய் மட்டும் வந்ததும் "மூடு"ன்னு நான் நிப்பிளை இறுக்கிட்டு, அப்புறம் அடுத்த பக்கம். ஒரு தடவை அவன் பம்புல எண்ணெய் பார்க்க மறந்துட்டான், அடி வரைக்கும் இறங்கி திரும்பக் காத்து குடிச்சிருச்சு, மறுபடி முதல்லேர்ந்து. ஒன்றரை மணி நேரம். 32 நம்பர் ஊத்தினோம், பட்டையைச் சுரண்டிப் பார்த்ததுல அது 32 வரைக்கும் ஒத்துக்கும்னு இருந்துச்சு. வீல் இப்ப ஒரு விரல்ல சுத்துது. ஆறு வருஷமா தோள் வலிக்கு தைலம் தேய்ச்சவன் நான்.

உருண்டை பேரிங்கும் போட்டாச்சு. குழாய்க்குக் கொக்கியும் வெல்டிங் வெச்சாச்சு, நாலாம் இன்ஜினியர் சாருக்கு நன்றி.

சிலிண்டருக்குக் கீழே ஒரு நியூஸ் பேப்பரை விரிச்சு, மேல கல்லு வெச்சுட்டுத்தான் தங்கலுக்குப் போனேன். நாலு நாள். வந்ததும் முதல் வேலையா பின்கிடங்கு மூடியைத் திறந்து இறங்கினேன். பேப்பர்ல கடல்தண்ணி தெறிச்ச உப்புக் கறைதான் இருந்துச்சு. எண்ணெய்க் கறை ஒரு பொட்டு, ஐம்பது பைசா அளவு. பதறிட்டு ராடைத் துடைச்சேன். ராடுல ஈரப்படலம் மாதிரி லேசா இருக்கு, சொட்டா சேரல. இது பரவாயில்லையா?


காசிமேடு ஸ்பேனர் | மார்ச் 20, காலை 6:05

பரவாயில்ல. புது சீல் ஒரு மெல்லிசு படலம் விடத்தான் செய்யும், அதுதான் அதுக்குத் தண்ணி சோறு. சுத்தமா உலர்ந்த ராடுல ஓடினா சீல் கருகிடும். படலம் சொட்டா மாறினா சொல்லுங்க. தடைக்காலத்துல கரையேத்தும்போது ராடை முழுசா உள்ளே இழுத்து விட்டுட்டு ஏத்துங்க. 61 நாள் வெளியே நீட்டிட்டு வெயில்லயும் உப்புலயும் கிடந்தா எஸ்.எஸ்ஸும் கறுக்கும்.


தேங்காப்பட்டணம் கடலோடி | மார்ச் 20, மதியம் 12:30

நல்ல பேச்சு. எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. நாங்க ஆழ்கடலுக்கு முப்பது நாளு போறவங்க. எங்க போட்டுல சிலிண்டருக்கு ரெண்டு பக்கமும் ராடு நீட்டிட்டு இருக்கும். ராடு உள்ள இருக்கும்போ எண்ணெய் அளவு பாருங்கன்னு சொன்னியளே, எங்களுக்கு ராடு எப்பவும் ஒரு பக்கம் வெளியதானே இருக்கும், அப்போ எப்ப பாக்கணும்?


காசிமேடு ஸ்பேனர் | மார்ச் 20, மதியம் 1:10

உங்களுக்கு எப்ப வேணா பார்க்கலாம் அண்ணே. ரெண்டு பக்கமும் ராடு இருந்தா எவ்வளவு உள்ளே போகுதோ அவ்வளவும் மறுபக்கம் திரும்பும். பம்புல அளவு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. இறங்கினா ஒழுகல்தான், சாக்கு சொல்ல முடியாது. இடம் வலம் ரெண்டுக்கும் சுத்தும் ஒரே எண்ணிக்கை வரணும். உங்களுக்கு வாய் ரெண்டு, சீல் செட்டும் ரெண்டு எடுத்துட்டுப் போங்க, முப்பது நாள் கடல்ல கடை கிடையாது.


டீசல் மாமா | மார்ச் 20, மாலை 5:45

பிரேக் ஆயில் பத்தி நான் சொன்னதை அழிச்சுடலாமான்னு பார்த்தேன், அழிக்கிற பட்டன் காணோம். இருந்துட்டுப் போகட்டும். டிராக்டர்ல சீல் ஏன் வருஷா வருஷம் போகுதுன்னு இப்பதான் புரியுது.


நாகை லாஞ்ச்காரன் | மார்ச் 20, இரவு 9:15

மாமா, அழிக்காதீங்க, அதைப் பார்த்துத்தான் ஸ்பேனர் அண்ணன் காலையில ஆறு மணிக்கே எழுந்து வந்தாரு.

சைஸ் கேட்டு ரெண்டு பேர் தனியா எழுதியிருந்தீங்க. ராடு சீல் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 35, உசரம் 8 மில்லி. காடி உசரம் 9. ரெண்டாவது பட்டறையில திணிச்சது 10 உசரம், அதான் மறுநாளே போச்சு. வைப்பர் 25 ராடுக்கானது. இதை கேபின் கதவுக்கு உள்பக்கம் சிவப்பு பெயின்ட்ல எழுதிட்டேன், பக்கத்துலயே "தகடு 18". பையன் கேட்டான், இது என்ன லாட்டரி நம்பரான்னு.